ஆறப் பொறுத்தல்

தெமுக்கோவில் மழை பிடித்துக்கொண்டால்
வீட்டுக்கு வீடு பூசணி மாவைத் தட்டி எண்ணெயில் போடுவார்கள்.
எர்மிந்தா கிலாகேயோ நான்கு தின்றாள்.
ஐந்தாவதைக் கையில் வைத்தபடியே
முன்னால் மடங்கிப்போனாள்.

பித்தக்குழாய் வாசலில் ஒரு கல்.
கடுகளவு.
கணையம் தான் வடித்த சாற்றில்
தானே வெந்துகொண்டிருந்தது.

நான் இரவு நர்ஸ். என் வேலை எண்ணுவது.
மணிக்கு எத்தனை மில்லி உள்ளே போயிற்று,
எத்தனை வெளியே வந்தது.
முப்பது. பதினெட்டு. பதினொன்று.
மூன்றாம் இரவு அவள் மூச்சை இயந்திரத்திடம் ஒப்படைத்தோம்.
ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கியது.
"வயிற்றுக் கொழுப்பு அதைப் பிடித்து சோப்பாக உறைகிறது"
என்றார் டாக்டர் ஒஸ்ஸாந்தோன், வகுப்பெடுப்பதுபோல.
பிறகு கை கழுவினார்,
வழக்கத்தைவிட அதிக நேரம்.

கணவர் செகுந்தோ விறகு வியாபாரி.
உளுத்த கட்டையிலும் நல்ல பாகத்தை மிச்சம் பிடிக்கிறவர்.
"கெட்டதை வெட்டி எடுத்துவிடுங்களேன்."

"இப்போது வெட்டினால் ரத்தம்தான் வரும்.
செத்தது எது, சாகாதது எது என்று
அதற்கே இன்னும் தெரியவில்லை.
நான்கு வாரம். தன்னைச் சுற்றித்
தானே சுவர் எழுப்பிக்கொள்ளட்டும்."

பச்சை விறகு காய ஒரு வருஷம் ஆகும்.
அது அவருக்குத் தெரியும்.
தொப்பியை மட்டும் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார்.

மூக்கு வழியே ஒரு குழாய்,
இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்கு.
மணிக்கு இருபது மில்லி கஞ்சி.
நான் படித்த காலத்தில் பட்டினிதான் மருந்து.
இப்போது ஊட்டச் சொல்கிறார்கள்.
இரண்டையும் செய்திருக்கிறேன்,
இதே கையால்.

ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டுமாம்.
ஆக்கியது நாங்கள் அல்லவே.
பானையும் எங்களுடையதல்ல,
மூடியைத் திறந்து பார்க்கவும் கூடாது.

இருபத்திரண்டாம் நாள் காய்ச்சல்.
ஸ்கேனில் கருங்குமிழிகள்.
மருந்தை மாற்றினோம். மறுபடி காத்திருந்தோம்.
ஜன்னலுக்கு வெளியே ஊரே விறகுப் புகை;
அதில் செகுந்தோ விற்றது எவ்வளவோ.

முப்பத்தோராம் நாள்
வாய்வழியே இறங்கி, இரைப்பைச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்தார்கள்.
பழுப்பாய்க் கொட்டியது.
அப்புறம் ஈரப் பஞ்சுபோல, துணுக்குத் துணுக்காக,
மூன்று தடவை.
சுவர் தாங்கியது.

பித்தப்பை இன்னும் உள்ளேதான், மிச்சக் கற்களோடு.
அது வேறு கணக்கு.

நேற்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள்.
குழாய் போன தொண்டை,
பாதி காற்று, பாதி குரல்:
"மழை விட்டதா?"
இல்லை என்றேன்.

என் சட்டைக் கையை இழுத்து மோந்தாள்.
"பொரித்தது தின்றுவிட்டுத்தானே வருகிறாய்?"

அளவுக் குவளையை விளக்கில் தூக்கிப் பிடித்தேன்.
நூற்றறுபது.
எழுதிக்கொண்டேன்.