இணைப்பு நான்கு

கோப்பைத் திறந்தால் முதல் படமே ஒரு ஜோடி மலையேற்ற பூட்ஸ்.
முப்பத்தெட்டாம் அளவு, சாம்பல் நிறம், சிவப்புக் கயிறு.
"இரண்டே முறை போட்டது" என்கிறது விளம்பரம்.
உண்மைதான்.
வம்பே அந்த உண்மையில்தான்.

பிரெஸ்ட் நகரத்துப் பள்ளியொன்றில் சமைக்கும்
குவெனோலா கெர்பிரா
ஐம்பத்து நான்கு யூரோவுக்கு வாங்கினாள்.
மேற்கொண்டு மூன்று யூரோ நாற்பது,
'வாங்குபவர் பாதுகாப்பு' என்ற பெயரில்.
பிரித்தாள், போட்டாள், கூடத்தில் நாலடி நடந்தாள்,
'எல்லாம் சரி' என்ற பொத்தானை அழுத்தினாள்.
பணம் மெட்ஸ் நகரத்துக்குப் போய்விட்டது.

பத்தொன்பதாம் நாள்
கடலோரப் பாறைப் பாதையில், மூன்றாவது கிலோமீட்டரில்
அடிப்பாகம் நனைந்த ரொட்டியாய் உதிர்ந்தது.
முதலில் இடது. சிரித்திருக்கிறாள்.
பிறகு வலது.
காலுறையோடு கார் நிறுத்துமிடம் வரை திரும்பி நடந்ததை
நான்கு பக்கம் எழுதியிருக்கிறாள்,
மழைக்கு மட்டும் தனியாக ஒரு பத்தி.
வழக்குக்குத் தேவையில்லாதது. நான் அடிக்கவில்லை.

செயலியின் பதில் இரண்டு வரி:
இரண்டு நாள் கெடு முடிந்தது.
கோரிக்கை மூடப்பட்டது.
மறுபடி கேட்டாள். அதே இரண்டு வரி.
மூன்றாம் முறை அதே இரண்டு வரி, கூடவே
எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

அப்புறம்தான் என்னிடம் வந்தது,
தூர் நகரில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாம் மாடிக்கு.
நான் நீதிபதி இல்லை.
சுத்தியல் கிடையாது, வெந்நீர்க் கெட்டில் ஒன்று உண்டு.
நான் சொல்வதை இரு தரப்பும் தள்ளிவிடலாம்.
தள்ளாமல் இருப்பார்கள் என்ற நம்பிக்கைக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

செருப்புத் தைக்கும் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன்.
"இந்த நுரை நடந்து கெடுவதைவிட
சும்மா இருந்தே கெட்டுப்போகும்" என்றார்.
அலமாரிக்குள் எட்டு வருடம்.
காற்றின் ஈரம் உள்ளேயிருந்து தின்றிருக்கிறது.

விற்ற ஒடீல் கீஃபர் இதில் கட்சியே இல்லை,
இணைப்பு நான்கில் ஒரு பெயர், அவ்வளவுதான்.
ஆனாலும் யாரும் கேட்காமலே எழுதியிருந்தாள்:
"மூன்றாவது பயணம் போவதாகத்தான் இருந்தது.
துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன்."

ஆக, இருவரும் பொய் சொல்லவில்லை.
பொய் என்று ஏதாவது இருந்தால்
அது மூன்று யூரோ நாற்பதுக்கு வைத்த பெயரில் இருக்கலாம்.
கம்பெனிக்கு எழுதினேன்:
பாதுகாப்பு என்கிறீர்களே, எதிலிருந்து?
இரண்டு நாளில் கண்ணுக்குத் தெரியாத குறை
குறையே இல்லை என்பது
செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டுவதாகாதா?

பதினோரு நாள் மௌனம்.
பிறகு ஒரு கடிதம். அதில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது,
மனிதர்தான் எழுதியிருக்கிறார் என்று நம்பினேன்.

என் யோசனை: கட்டணம் முழுதும், விலையில் பாதி.
முப்பது யூரோ நாற்பது.
கம்பெனி ஒத்துக்கொண்டது,
இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்ற அடிக்குறிப்போடு.

குவெனோலா இரவு பதினொன்று ஐம்பத்திரண்டுக்குச் சம்மதித்தாள்.
கருத்துக் கட்டத்தில் ஒரே கேள்வி:
"மழையைப் பற்றி எழுதியதைப் படித்தீர்களா?"

படித்தேன் என்று எழுத
என் படிவத்தில் இடமில்லை.

வீட்டுக்கு வந்து, மாடிப்படிக்கு அடியிலிருந்து
என் பூட்ஸை எடுத்து வளைத்துப் பார்த்தேன்.
குதிகாலருகே நூல் கனத்தில் ஒரு விரிசல்.
ரசீதைத் தேடவில்லை.
போட்டுக்கொண்டு ரொட்டிக் கடைவரை போனேன்,
கொஞ்சம் மெதுவாக.