அறுபத்து மூன்றில்

மேட்டூர் அடைத்துப் பதினேழு நாள்.
பாமணியில் மணல் வெளுத்துக் கிடக்கிறது.
ஷட்டர்களுக்குக் கிரீஸ் வைத்தாயிற்று,
கேஜ் பலகையில் பார்த்து எழுத எண் இல்லை.
ரெகுலேட்டர் லஸ்கருக்கு
வருஷத்தில் வாய்க்கும் உலர்ந்த காலம் இதுதான்.
பசை இறுகும். பலகை உப்பாது.

அருமைக்கண்ணு பட்டறையில் அறுத்து வந்த பிளைவுட்,
பெட்டிக்கு ஆறாகப் பன்னிரண்டு துண்டு.
ஒன்று மட்டும் ஒரு நூல் கூடுதல்.
"ஒரு நூல்தானேண்ணே" என்றான்.
ஒரு நூல் இடுக்கில் காற்று கசிந்தால்
அடித்தொனி அத்தனையும் போச்சு என்பதை
அவனுக்கு விளங்க வைக்கத் தெரியாமல்
நானே இழைத்தேன், இரண்டு சாயங்காலம்.

கணக்குப்படி ஒரு பெட்டிக்குள்
முப்பத்திரண்டு லிட்டர் காற்று.
காற்றை எதால் அளப்பது?
மல்லாத்திப் போட்டு, ஸ்பீக்கர் வாய் வழியே
நெல்லைக் கொட்டினேன்.
ஆடுதுறை நாற்பத்து மூன்று,
லிட்டர் படியில் தலைதட்டி.
முப்பத்தொன்றில் வழிந்தது.
குறுக்குச் சட்டம் ஒரு லிட்டர் தின்றிருக்கிறது.
தின்னட்டும்.

பின்பலகையில் துளை போட்டு
மூன்றங்குல போர் பைப் சொருகும்போது
ஜே.இ. வந்து நின்றார்.
"காத்த அடைக்கத்தான பெட்டி, ஓட்டை எதுக்குய்யா?"
ஆத்த அடைக்கத்தான் ரெகுலேட்டர்,
அதுல பதினோரு கண்ணு எதுக்கு சார்?

வெனீர் வேலையைச் செங்கமலம் பிடுங்கிக்கொண்டாள்.
தையல்காரி.
தேக்குத் தாளை விளக்கில் பிடித்து
இது நேர்நூல், இது குறுக்குநூல் என்றாள்.
அடுத்தடுத்துச் சீவிய இரண்டு தாள்;
ரவிக்கையின் இடது முன், வலது முன் மாதிரி
எதிரெதிரே விரித்து வைத்தாள்.
ரேகைகள் நடுவில் கூடி ஒரு முகம் வந்தது.
ஆந்தை என்றேன்.
"தவளை" என்றாள்.

பசையை இரண்டு பக்கமும் தடவிக் காயவிட்டு
மேலே பழைய வேட்டித் துண்டு,
அதன் மேல் அவளது இஸ்திரிப் பெட்டி.
சூட்டில் இளகி, ஆறும்போது பிடித்துக்கொள்ளும்.
பிடிக்காத இடத்தை
நகத்தால் தட்டித் தட்டிக் கண்டுபிடித்தாள்.
பிளேடால் ரேகையோடு ஒரு கீறல்,
சிரிஞ்சில் ஒரு சொட்டுப் பசை,
மறுபடி சூடு.
எந்த இடம் என்று இன்றைக்குவரை எனக்குத் தெரியாது.
அவளுக்குத் தெரியும். காட்ட மாட்டாள்.

மாசி மகத்தன்று ராத்திரி ஓட்டிப் பார்த்தோம்.
பாட்டு இல்லை.
இருபதில் தொடங்கி மேலே ஏறும்
ஒற்றை ஊம்.
வலது பெட்டி சுத்தமாக ஏறிப்போயிற்று.
இடது,
அறுபத்து மூன்றில்
கிர்ர்ர்.

பீரோக் கதவா? அட்டையை மடித்துச் செருகினேன்.
ஜன்னல் கொக்கி, தினசரி காலண்டரின் தகரம்,
பாபின் டப்பா,
கரண்டிக் கம்பியில் தொங்கும் சல்லடை,
ஒவ்வொன்றாய் வாயடைத்தேன்.
கிர்ர்ர்.

பதினொன்றரைக்கு எட்டுத் திருகாணியும் கழற்றி
இலவம்பஞ்சை விலக்கி
தோள்வரை கையை விட்டுத் துழாவினேன்,
ஈனாமல் தவிக்கும் மாட்டுக்குள்
டாக்டர் துழாவுகிற மாதிரி.
குறுக்குச் சட்டத்து மூலையில்
பசையில் பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும்
ஒரு நெல்.

அடப்பாவி.
உனக்காக வீட்டுச் சாமான் அத்தனை மேலும்
பழி போட்டேனே.

பூட்டிவிட்டு,
அதைப் பெட்டியின் தலையில் வைத்தேன்,
சரியாகத் தவளையின் நெற்றியில்.
நல்ல பெட்டி பேசாது.
பேச வேண்டியது வாய் மட்டும்.
மறுபடி ஊம்.
ஐம்பது. அறுபது. அறுபத்து மூன்று.
நெல் அசையவில்லை.
எழுபது.
அசையவில்லை.
நான் மூச்சுவிடாமல் நிற்கிறேன்,
என் மூச்சில் அது புரண்டுவிடக் கூடாதே.

அடுப்படியில்
ஏதோ டம்ளர் மெல்ல நகர்ந்து போய்
ணங்கென்று விழுந்தது.

"அறுபத்து மூணா?"
அரைத்தூக்கத்தில் செங்கமலம்.
"இல்ல. எம்பத்தொண்ணு."
"அத நாளைக்குப் பாக்கலாம். படு."