நூற்றைம்பத்து மூன்று

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில், மீன் ஆலையில்
பதினெட்டு வருடமாக எடை மேசை எனக்கு.
காட் ஒரு தொட்டி, ஹேடக் ஒரு தொட்டி,
தொட்டியின் எடை கழித்து, ஐஸின் எடை கழித்து
மிச்சத்தை எழுதுவேன்.
கடவுளுக்கும் கப்பல்காரனுக்கும் நடுவில்
என் பென்சில்.

புதன் இரவுகளில் வேதம் வாசிக்கிறோம்.
ஏழு பேர், சில வாரம் ஐந்து,
புயல் என்றால் நானும் ஹீட்டரும்.
ஆளுக்கொரு வசனம் வைத்திருக்கிறார்கள்.
மால்ஃபிரிட்டுக்கு மேய்ப்பனும் புல்வெளியும்;
நாற்பது ஆடு வளர்ப்பவள்,
புல்லைப் பற்றிப் பேச உரிமை உண்டு.
ஹன்ஸ் யாக்கூப்புக்குப் புயலை அதட்டிய வரி.
படகை விற்றான், அதை விற்கவில்லை.
எனக்கு வெகுநாள் எதுவும் வாய்க்கவில்லை.
ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தேன்,
யாரோ பெரியவர்களின் மேலங்கி போல
கை நீளம்.

கடைசியில் எனக்கு வந்தது ஒரு கணக்கு.

இரவெல்லாம் வலை போட்டு ஒன்றும் சிக்காதவர்கள்.
விடியலில் கரையில் ஒருவர்,
கரி நெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் ரொட்டி.
புதைத்தவர்தான் அவர் என்று தெரிந்ததும்
ஒருவன் உடுப்போடு தண்ணீரில் குதிக்கிறான்.
அதற்கு அடுத்தாற்போல், எந்தப் பதற்றமும் இல்லாமல்,
நூற்றைம்பத்து மூன்று.

பாதிரியார் ஹெரால்வூர் சொன்னார்,
அந்த எண்ணில் மறைபொருள் இருக்கிறதாம்.
ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டினால் அதே தொகையாம்.
வீட்டுக்குப் போய்க் கூட்டினேன்.
சரியாகத்தான் வருகிறது.
வந்து?

என் கேள்வி வேறு.
யார் எண்ணியது?

செத்தவர் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார்,
காலைச் சாப்பாடு வேகிறது,
உலகம் தலைகீழாகப் புரண்ட அந்த நேரத்தில்
ஒருவன் முதுகு காட்டிக் குனிந்து
ஈரக் கையால்
ஒன்று, இரண்டு, மூன்று.
எழுபதில் தவறவிட்டு
மறுபடி முதலிலிருந்து.

என் தம்பி எய்யுன் பிப்ரவரியில் போனான்.
கடலில் அல்ல (எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்),
டோர்ஸ்ஹவ்ன் ஆஸ்பத்திரியில், ஈரல் கெட்டு,
ஒரு திங்கட்கிழமை.
செவ்வாய் காலை படகு வந்தது.
மேசையில் நின்றேன். முப்பத்தெட்டுத் தொட்டி.
பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது கிலோ.
ஒரு கிலோ பிசகவில்லை.
மேஸ்திரி தோளில் தட்டினார்.
அந்தத் தட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது.
அக்காளா நான், தராசா?

அந்த வரியை எத்தனை தரம் புரட்டிவிட்டேன்.
எண்ணியவனை யாரும் கடிந்துகொள்ளவில்லை.
மீனை விடடா, இங்கே பார் என்று
கரையிலிருந்தவர் சொல்லவில்லை.
காத்திருந்தார் போல. தீ அணையாமல்
பார்த்துக்கொண்டார் போல.
எண்ணி முடித்தவனையும் சேர்த்துத்தான்
சாப்பிடக் கூப்பிட்டார்.
அவன் பெயரை எழுதாமல் விட்டார்கள்.
தொகையை விடவில்லை.

அன்று எய்யுனை எண்ணாமல்
மீனை எண்ணினேன் என்றுதான் இத்தனை நாள்.
இல்லை.
ஒவ்வொரு தொட்டியிலும்
எய்யுனைத்தான் எண்ணியிருக்கிறேன்.

போன புதன் என் முறை.
அந்த வரியை மட்டும் வாசித்தேன், விளக்கம் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் காற்றுதான் பேசியது.
ஹன்ஸ் யாக்கூப் தொண்டையைச் செருமினான்:
"பெரிய மீன் என்றால், சுன்வா,
ஒன்று இரண்டு கிலோ தேறுமா?"
தேறும் என்றேன்.
"அப்படியென்றால் முந்நூறு."
முந்நூற்று ஆறு என்றேன்.
"வலை கிழியவில்லையா?"

கிழியவில்லை.

மால்ஃபிரிட் எழுந்துபோய்
காபிக்குத் தண்ணீர் வைத்தாள்.