நாற்பத்தெட்டு இருக்கைகள்

காலை ஒன்பதே முக்காலுக்குக் கப்பல் வரும்,
பத்தரைக்கு முனைக்குச் சுற்றுலா,
இரண்டே காலுக்குக் கப்பல் கிளம்பும் என்று
போன கோடையிலேயே அச்சடித்துவிட்டார்கள்.
காற்றிடம் யாரும் கேட்கவில்லை.

நான் ஸ்கார்விகாவில் பஸ் ஓட்டுகிறவன்.
கோடையில் நாளைக்கு நான்கு நடை,
பிப்ரவரியில் கடல் விட்ட வழி.
எட்டு மணிக்கே எஞ்சினைச் சூடாக்கி,
படியில் உறைந்ததைக் கடப்பாரையால் கொத்தி,
நாற்பத்தெட்டு இருக்கைக்கும்
கம்பளி மடித்து வைத்தேன்.
துறைமுகக் கூடத்தில் போர்கில்ட்
இருநூறு வாஃபிளுக்கு மாவு கரைத்திருந்தாள்.

முன்படியில் வந்து நின்றாள் ஒருத்தி.
ஊதாப் பெட்டி, அதில் ஒரு சக்கரம் இல்லை.
பெயர் கிஸ்லேன் திபோடோ, ஊர் மான்ட்ரியல்.
கப்பலில் இருந்திருக்க வேண்டியவள்.
உறைமழையில் விமான நிலையமே
இரண்டு நாள் கண்ணாடிக்குள் கிடந்ததாம்.
பெர்கனில் கப்பல் இவளுக்காக நிற்கவில்லை.
அக்கா ஓடில் மட்டும் ஏறிவிட்டாள்;
லியோனிலிருந்து வந்தவள், அங்கே வெயில்.
இவள் துரத்தத் தொடங்கினாள்:
ஓஸ்லோ, ட்ரோம்சோ, பிறகு
தபால் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு சிறு விமானம்.
ஸ்கார்விகாவில் பிடித்துவிடலாம்.

கோப்பைத் திறந்து காட்டினாள். மூன்று வருடத் திட்டம்.
எந்தத் தளத்தில் ஆட்டம் குறைவு,
எந்தத் துறையில் எந்தச் சுற்றுலா,
மழைக்கு ஒரு தாள், பனிக்கு ஒரு தாள்,
அக்காவின் முழங்காலுக்கு ஒன்று.
காற்றுக்குத் தாள் இல்லை.

ஒன்பதே முக்காலுக்கு போன் வந்தது.
நொடிக்கு இருபத்தாறு மீட்டர்.
கேப்டன் கடலிடுக்குக்குள் நுழையமாட்டார்,
நேராக அடுத்த துறைக்கு.
என்ன சொல்வதென்று தெரியாமல்
வாஃபிள் சாப்பிடுங்கள் என்றேன்.
இருநூறில் மூன்றைச் சாப்பிட்டாள்,
நான்காவதைத் தாளில் சுற்றிக்கொண்டாள்.
பிறகு டிக்கெட்டை நீட்டினாள்.
இருக்கை பன்னிரண்டு, பதின்மூன்று.
ஜன்னல் அக்காவுக்கு.

பதினைந்து பேருக்குக் குறைந்தால் பஸ் எடுக்கக் கூடாது.
விதியை எழுதியவர் ஓஸ்லோவில் இருக்கிறார்.
எடுத்தேன்.

பழக்கதோஷம், மைக்கில் பேசினேன்.
இடப்பக்கம் நீங்கள் பார்ப்பது
(வெள்ளை)
பழைய மீன்பிடிக் குடியிருப்பு.
வலப்பக்கம்
(அதுவும் வெள்ளை)
கலைமான்கள் மேயும் சரிவு, கோடையில்.
அவள் ஜன்னலோரம் உட்காரவில்லை.
தலையாட்டித் தலையாட்டிக் குறிப்பெடுத்தாள்.

பதினோராவது கிலோமீட்டரில் தடுப்புக் கம்பம் விழுந்திருந்தது.
பனிவாரி ஓட்டும் ஐல்ஃப் கண்ணாடியை இறக்கி,
விரலால் தன் கழுத்தை அறுத்துக் காட்டினான்.
மேலே சாலை இல்லை என்று அர்த்தம்.

நின்றோம். பஸ் மாடு மாதிரி அசைந்தது.
ஒரு நிமிடம் பனி கிழிந்தது:
கீழே, கறுப்புத் தண்ணீரில்,
எல்லா விளக்கும் எரியக் கப்பல்.
அவள் போனை எடுத்தாள்.
பிரெஞ்சில் பேசினாள்; பஸ் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.
சட்டென்று என் தோளைத் தட்டினாள்.
முன்விளக்கு, மூடுபனி விளக்கு, உள்விளக்கு,
அபாய விளக்கு, எதையும் விடவில்லை.
மலையில் ஒரு பஸ்
கல்யாண வீடு போல மின்னியது.

தெரிகிறதா என்று கேட்டிருப்பாள்.
பதிலைக் கேட்டதும் இருக்கையில் சரிந்து
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
கரை வலப்பக்கம்;
அறை இடப்பக்கம்.
"நான்தான் தேர்ந்தெடுத்தேன்," என்றாள் எனக்காக,
"நூற்றிருபது யூரோ குறைவு."
அக்கா அந்த முழங்காலோடு
தாழ்வாரம் தாழ்வாரமாகக் கப்பலைக் கடந்து
வலப்பக்கம் வந்து சேர்வதற்குள்
பாறை கப்பலை விழுங்கிவிட்டது.

இருந்தாலும் நான் விளக்கை அணைக்கவில்லை.
ஐல்ஃப் ஹாரன் அடித்த பிறகுதான் அணைத்தேன்.

திரும்பும் வழியில் அவள் பேசவே இல்லை.
ஊர் எல்லையில் கோப்பைத் திறந்தாள்.
அடுத்த துறைக்கு எப்போது பஸ்?
நாளைக் காலை ஆறு இருபது, என்றேன்,
சாலை திறந்தால்.
ஆறு இருபது என்று எழுதிக்கொண்டாள்.
'திறந்தால்' என்பதை எழுதவில்லை.