பெயர்ப்பட்டை

டிசம்பரில் என் வேலை தைப்பதல்ல, பிரிப்பது.
கொக்கி ஊசியை நுழைத்து ஒவ்வொரு தையலாக
வெட்டி இழுத்தால்
சட்டை முதுகிலிருந்து ஒரு பையன் கழன்று வருகிறான்.

அர்கன்சாவில், ஸ்டேடியத்துக்கு அடியில்
ஜன்னலில்லாத அறை.
ஆறு வாஷிங் மெஷின், ஒரு தையல் மெஷின், நான்.
பத்தொன்பது வருடமாகத் துவைக்கிறேன்.
கறையைப் பார்த்தே சொல்வேன்
ஜெயித்த சனிக்கிழமையா, தோற்ற சனிக்கிழமையா என்று.
(தோற்றிருந்தால் புல்லின் பச்சை முதுகில் இருக்கும்.)

கோச் டில்லிங்ஹாமை ஞாயிறு காலை நீக்கினார்கள்,
விமானம் இறங்கி அவர் பெட்டி வந்து சேர்வதற்குள்.
ஒப்பந்தப்படி இன்னும் நான்கு வருடம்
மாதம் பிறந்தால் அவருக்குப் பணம் போகும்,
விசில் ஊதாமல் இருப்பதற்கு.
மொத்தம் எத்தனை மில்லியன் என்று ரேடியோ சொன்னது.
காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தேன்,
இரண்டு கணக்கும் தவறிவிட்டது.
திங்கட்கிழமை எங்களுக்கும் ஒரு கடிதம்:
ஊழியர் கார் நிறுத்தக் கட்டணம்
ஜனவரி முதல் ஒன்பது டாலர் கூடுதல்.

குவார்ட்டர்பேக் விட்லாக் வேறு கல்லூரிக்குப் போய்விட்டான்.
நெடுஞ்சாலைப் பலகையில் மட்டும் இன்னும் நிற்கிறான்,
டிரக் விற்பவரின் தோளில் கைபோட்டுச் சிரித்தபடி.
பலகைக்கு பிப்ரவரி வரை வாடகை கட்டியாயிற்றாம்.
நான் அவனைத் திட்ட மாட்டேன்.
அவனுக்கு வெகுகாலம் முன்பு
அதே பன்னிரண்டாம் எண்ணைப் போட்ட டெரல் மாஸ்
யாரோ வாங்கித் தந்த ஹாம்பர்கரைத் தின்றதற்கு
இரண்டு ஆட்டம் வெளியே உட்கார்ந்தான்.
அந்த வாரமும் மேல்மாடிக் கடையில்
பன்னிரண்டாம் எண் சட்டை தீர்ந்துபோனது.
கூலி கேட்பது அன்று குற்றம்.

இன்று கல்லூரியே கையில் கொடுக்கிறது.
கூடவே ஒரு விதி: அணியில் நூற்றைந்து பேர்தான்.
கோல்பி ரட்லெட்ஜ் நூற்றாறாவது ஆள்.

அவன் லாங் ஸ்னாப்பர்.
குனிந்து கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் எறிபவன்.
"எனக்கு ஆட்டம் முழுக்கத் தலைகீழாகத்தான் தெரியும், மிஸ் வெர்னா,
வானம் கீழே, கூட்டம் அதற்கும் கீழே" என்பான்.
மூன்று வருடத்தில் ஒரு பந்துகூடத் தவறவில்லை,
அதனாலேயே யாருக்கும் அவன் பெயர் தெரியாது.
ஹெல்மெட்டைத் திருப்பித் தர வந்தவன்
கவுன்ட்டரில் அதை மெல்ல வைத்தான், முட்டை வைப்பதுபோல்.
"பெயர்ப்பட்டை எனக்குக் கிடைக்குமா?"
பல்கலைக்கழகச் சொத்து என்று சொன்னேன்.
சொல்லியிருக்க வேண்டாம்.

எழுத்துகளை நாங்கள் எறிவதில்லை.
கலிஃபோர்னியாவிலிருந்து டெல்காடோ வந்தான், புது குவார்ட்டர்பேக்,
விட்லாக்கின் விலையைப்போல் ஒன்றரை மடங்கு.
ரட்லெட்ஜிலிருந்து ஒரு டி, ஒரு ஈ, ஒரு எல், ஒரு ஜி எடுத்தேன்.
மீதியைப் பெட்டியில் தேடித் தைத்தேன்.
முதுகு அகலம். நன்றாகவே உட்கார்ந்தது.

புது கோச் வந்த அன்று எல்லோரையும் கூட்டினார்.
நாம் ஒரு குடும்பம் என்றார்.
(டில்லிங்ஹாமும் இதையேதான் சொன்னார், அதே படியில் நின்று.)
நெஞ்சில் இருக்கும் பெயருக்காக ஆடுங்கள்,
முதுகில் இருக்கும் பெயருக்காக அல்ல, ஆகையால்
இனி முதுகில் பெயரே கிடையாது.
கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.
பிறகுதான் புரிந்தது எனக்கு வாரத்தில் பாதி நாள் போயிற்றென்று.

மேல்மாடிக் கடையில் மட்டும் பெயர் உண்டு.
டெல்காடோ, முதுகு முழுக்க, நூற்றிருபது டாலர்.

இன்று அவன் சட்டையைப் பிரித்தேன்.
டி, ஈ, எல், ஜி கைக்குத் திரும்பி வந்தன.
டிராயரில் ஆர், யு, டி, இன்னொரு ஈ
அப்படியே கிடந்தன.
மேசைமேல் அடுக்கிப் பார்த்தேன்.
முழுப் பெயரும் வந்தது.
கடைசி ஈ-யின் விளிம்பு கொஞ்சம் நைந்திருந்தது.

நாலாவது மெஷின் நின்று கூப்பிட்டது.