வியாழன், எட்டு மணி

சுங்காய் ஆட்டுச் சூப்புக்கடை பின்கட்டில்
பன்னிரண்டு நாற்காலி. பென்ஷன் காசில் வாடகை.
கதவில் ஓர் அட்டை:
பட்டாளத்தில் இருந்தவர்கள் வரலாம். தே ஓ உண்டு.

முதல் வாரம் ஒரு பூனை.
அடுத்து மாரிலிங்கம் எட்டிப் பார்த்து
இடம் தப்பு என்று போனான்.
மூன்றாம் வாரம் அவனும் ஹம்டானும்
முட்டிவலி, பெட்ரோல், நமுத்த பிஸ்கட் பற்றிப் பேசினார்கள்.
எல்லைக் காடு யார் வாயிலும் வரவில்லை.
நானும் கேட்கவில்லை.

வெளியே செம்பனை லோரிக்கு டயர் வெடித்தது.

மேசைக்கடியில் மூன்று பேர்.
என் முழங்கையைப் பிடித்திருந்தது யார் கையோ.
நடுக்கம் யாருடையதோ.
மேலிருந்து தே ஓ சொட்டியது.

“வீட்டில் சிரிப்பார்கள்” என்றான் மாரிலிங்கம், எழாமலே.
“என் பேரன் போட்டோ எடுப்பான்.”

அங்கேயே, சிமெண்டுத் தரையில்,
ஒன்பதரை வரை
கூட்டம் நடந்தது.