பாதி வெளிச்சம்

மூன்று நாள் நின்றால் நான்காம் நாள் எழுந்திருக்காது
எங்கள் பிக்கப்.
சாவியைத் திருகினால் டிக் என்று ஒரு சத்தம்,
பல்லி சொன்ன மாதிரி.
அவ்வளவுதான்.

ஜே.சி. ரோடு நயாஸ் பேட்டரி என்றான். மாற்றினோம்.
கலாசிபாளையத்தில் ஒருவர் டைனமோ என்றார்,
கழற்றி, காயில் சுற்றி, பில்லும் கிழித்துக் கொடுத்தார்.
ஹெண்ணூரில் ஒரு பையன் போனெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு
"மாரிபிடி அக்கா" என்றான்.
பதினோரு மாதத் தவணை பாக்கியுள்ள வண்டியை
யார் தலையில் கட்டி விற்றுவிடுவது?

விடிந்தால் எட்டாம் தேதி, மாதா திருவிழா.
நாலரை மணிக்குள் சிவாஜிநகருக்கு
முந்நூறு நாற்காலி போய்ச் சேரவேண்டும்.
நானும் சவரியும் பேசி ஐந்து நாள்.
(அவன் தம்பிக்குக் கொடுத்த பணம். அது இங்கே வேண்டாம்.)

லிங்கராஜபுரம் மேம்பாலத்தின் கீழே, இரவு பதினொன்றுக்கு,
பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றினான்.
கழற்றிய முனைக்கும் பேட்டரிக்கும் நடுவில்
நெல்லிக்காய் அளவு பல்பு ஒன்றைக் கட்டினான்.
வண்டி அணைந்திருக்கிறது, சாவி என் இடுப்பில்.
பல்பு எரிந்தது.

"கதவைச் சாத்து."
ஐந்து நாளில் முதல் பேச்சு.
சாத்தினேன். கேபின் விளக்கு போனது.
பல்பு மங்கியது, அணையவில்லை.
எங்கேயோ எதுவோ
குடித்துக்கொண்டே இருக்கிறது.

கதவு சுவிட்சை டேப் போட்டு அமுக்கிவிட்டு
அவன் உள்ளே ஃபியூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்க,
நான் தூறலில் குடையோடு பல்பைப் பார்க்க,
"எரியுதா?"
"எரியுது."
ஹார்ன். "எரியுது."
வைப்பர். "எரியுது."
எட்டாவதில் அவன் கேட்கவில்லை,
நானாகவே சொன்னேன்.

பதினொன்றாவது, காலில் பச்சை பூத்த ஒன்று.
"எரியுதா?"
இருட்டு.
"போயிடுச்சு. திரும்பப் போடு."
எரிந்தது.
"எடு."
போனது.
வேண்டுமென்றே இன்னொரு தடவை
போடச் சொன்னேன்.

அந்த ஃபியூஸிலிருந்து கம்பெனிக்காரன் போடாத மஞ்சள் ஒயர் ஒன்று
ஸ்டீரிங் கம்பத்தைச் சுற்றி
டாஷ்போர்டின் வயிற்றுக்குள் போகிறது.
அவன் கை நுழையவில்லை.
வளையலைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டு
நான் விட்டேன்.
எலிப்புழுக்கை. ஒரு ரூபாய்க் காசு.
பிறகு ஒரு சூடு,
கோழிக்குஞ்சைப் பிடித்ததுபோல.

சிவப்புக் கண்ணாடிக்குள் ஒரு சாமி விளக்கு.
பழைய ஓனர், ஹொசகோட்டே முனிராஜப்பா,
முனேஸ்வரன் படத்தைக் கையோடு கொண்டுபோனார்,
விளக்கை மறந்துவிட்டார்.
அந்த ஓட்டையின்மேல்தான் நாங்கள்
வேளாங்கண்ணி மாதாவை ஒட்டியிருந்தோம்.
நான்கு வருடம் அவள் முதுகுக்குப் பின்னால்
இது எரிந்திருக்கிறது.
தினமும் ஓடிய காலத்தில் தெரியவில்லை.
ஆர்டர் குறைந்து, வண்டி சும்மா நின்ற பிறகுதான்.

வெளியே அந்தப் பல்பு பாதி வெளிச்சம்,
உள்ளே இந்த விளக்கு பாதி வெளிச்சம்.
ஒரே ஓட்டம், ஆளுக்குக் கொஞ்சம்.

சவரி கட்டிங் பிளேயரை எடுத்தான்.
"வெட்டாதே. எஸ்.பி. ரோட்டில் சுவிட்சு இருபது ரூபாய்."
"நம்ம சாமி இல்லியே."
"நம்ம வண்டிதானே."
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
ஃபியூஸை மட்டும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்,
என் வளையலோடு.

தண்ணீர் லாரிக்காரரை எழுப்பி, திட்டு வாங்கி, ஜம்பர் போட்டு
நாலு மணிக்குக் கிளம்பினோம்.
இடது இண்டிகேட்டர் போட்டால்
இன்னமும் வைப்பர் ஒரு துள்ளு துள்ளுகிறது.
"அது எர்த்து. ஞாயித்துக்கிழமை பாக்கலாம்,
நீ லைட் பிடிக்கணும்" என்றான்,
ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

பிடிக்கிறேன் என்றேன்.
பின்னால் நாற்காலிகள்
கடகடவென்று பேசிக்கொண்டே வந்தன.